மேடு நடுவில் நின்றால்தான் நல்ல படமா?

ஒளிப்படம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் போகிற போக்கில், படத்தின் வெளிச்சத்தை வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கேள்விகள் இந்த முறை பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டன. எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டிருப்பவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்தருள வேண்டும். அதற்குள் விலை குறைந்தாலும் குறையும்.

*

கேள்வி: ஹிஸ்டோகிராம் நடுவில் மேடாகவும் இரு பக்கமும் சரிவாகவும் இருந்தால்தான் எக்ஸ்போஷர் (படத்தில் பதியவிடும் ஒளியின் அளவு) சரி என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். நான் எடுக்கும் படங்களில் ஒன்றுகூட அப்படி வருவதில்லை. காமிராவில் கோளாறா?
– திருமணப் படம் எடுக்கும் இளைஞர், தேனி

பதில்: காமிராவை சர்வீசுக்குக் கொடுத்துவிடாதீர்கள் தம்பி. சொன்னவர் காட்டிய உதாரணம் புல்வெளியில் நிற்கும் ஆளாக இருந்திருக்கும். புல், தோல், கருங்கல் சுவர் எல்லாம் நடுத்தர வெளிச்சம் உள்ளவை. மேடு நடுவில்தான் எழும்பும். அந்த ஒரு படத்துக்குப் பொருந்தியதை எல்லாப் படத்துக்கும் விதியாக்கியதுதான் வம்பு.

இந்த வரைபடம் செய்வது வெறும் எண்ணிக்கை. உங்கள் காமிரா 24 மெகாபிக்சல் என்றால், அகலத்தில் 6000, உயரத்தில் 4000, ஆக ஒரு படத்தில் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஒரு வெளிச்ச எண் இருக்கிறது. 0 முழுக் கருப்பு, 255 முழு வெள்ளை. இந்த 256 எண்களையும் இடமிருந்து வலமாக நிறுத்தி, ஒவ்வோர் எண்ணிலும் எத்தனை புள்ளிகள் விழுந்தன என்று பார்த்து, அந்த உயரத்துக்கு ஒரு கோடு இழுத்தால் ஹிஸ்டோகிராம். வாக்கு எண்ணிக்கையைப் போலத்தான் இதுவும்: எந்தச் சின்னத்துக்கு எத்தனை ஓட்டு என்று சொல்லும், எந்த வீட்டு ஓட்டு எதில் விழுந்தது என்று சொல்லாது. அதனால்தான் ஒரு படத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் ஹிஸ்டோகிராம் ஒரு கோடுகூட மாறுவதில்லை. இடது ஓரத்தில் குவிந்திருப்பது மணப்பெண்ணின் கூந்தலா, மாப்பிள்ளையின் கோட்டா, முகத்தில் விழுந்த நிழலா என்பது அதற்குத் தெரியாது. அதை நீங்கள்தான் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

தூத்துக்குடி உப்பளத்தை நண்பகலில் எடுத்தால் மேடு வலப்பக்கம் ஒதுங்கித்தான் நிற்கும். அங்கே போய் மேட்டை நடுவுக்கு இழுத்தால் உப்பு சாம்பலாகிவிடும். எண்ணெய் மினுங்கும் கருங்கல் நந்தியை நெருங்கி எடுத்தால் எல்லாம் இடப்பக்கம். அதை நடுவுக்குத் தள்ளினால் நந்தி சிமென்ட் பூசியதாகத் தெரியும். இரண்டு படங்களும் சரியான படங்கள்.

மேட்டின் உயரத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். சில கோடுகள் கட்டத்தின் மேல்விளிம்பைத் தொட்டு வெட்டுப்பட்டு நிற்பதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். ஒரே வெளிச்சத்தில் நிறையப் புள்ளிகள் இருக்கின்றன, வெறும் சுவரோ வானமோ இருக்கிறது என்பதைத் தவிர அதற்குப் பொருள் கிடையாது.

பார்க்க வேண்டியவை இரண்டு ஓரங்கள். வலது ஓரச் சுவரில் கோடு முட்டிக்கொண்டு ஏறினால் அந்தப் புள்ளிகள் வெளுத்துவிட்டன. இடது ஓரத்தில் ஏறினால் கருப்பில் அடைத்துவிட்டன. முட்டுவது எது, அது உங்களுக்கு வேண்டிய பொருளா என்று மட்டும் கேளுங்கள். நகையில் தெறிக்கும் மின்னல் புள்ளி வெளுத்தால் வெளுக்கட்டும். மாப்பிள்ளையின் பட்டு வேட்டி மடிப்புத் தெரியாமல் வெளுத்தால் எக்ஸ்போஷரைக் குறையுங்கள்.

*

கேள்வி: முகூர்த்தப் புடவை நல்ல சிவப்புக் காஞ்சிப் பட்டு. காமிராவில் ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தைத் தொடவே இல்லை. ஆனால் கணினியில் பார்த்தால் புடவை முழுவதும் சிவப்புப் பெயின்ட் அடித்தது போல, நெசவும் புட்டாவும் தெரியாமல் இருக்கிறது. ஏன்?
– ஸ்டுடியோ உரிமையாளர், காரைக்குடி

பதில்: இந்த மாதத்தின் சிறந்த கேள்வி. நம் ஊரில் சிவப்புப் பட்டும் சாமந்தி மாலையும் இல்லாத கல்யாணம் ஏது? ஆகவே இது எல்லாரையும் பிடிக்கிற நோய்.

நீங்கள் பார்த்தது வெள்ளை நிறத்தில் வருகிற ஒற்றை ஹிஸ்டோகிராம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து ஒரே வெளிச்ச எண்ணாக்கிக் காட்டுவது அது. கலக்கும்போது சம பங்கு கொடுப்பதில்லை. நம் கண் பச்சையைத்தான் அதிக வெளிச்சமாக உணர்கிறது என்பதால், வழக்கமான சூத்திரத்தில் பச்சைக்கு ஏறத்தாழ 59 சதவீதம், சிவப்புக்கு 30, நீலத்துக்கு வெறும் 11. இப்போது உங்கள் புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு 255, பச்சை 20, நீலம் 40 என்று வைத்துக்கொண்டால், கணக்குப் போட்டு வருகிற வெளிச்ச எண் 93 அளவில்தான் இருக்கும். வரைபடத்தின் நடுப்பகுதிக்கும் இடப்பக்கம். வலது ஓரம் காலியாகக் கிடக்கிறது; சிவப்பு வாய்க்கால் (ஒவ்வொரு நிறத்தின் தனிக் கணக்கு, ஆங்கிலத்தில் ‘சேனல்’) மட்டும் கரை உடைந்து போய்விட்டது. புடவையின் மடிப்பில் 255, மேட்டில் 255, புட்டாவைச் சுற்றியும் 255. எல்லா இடத்திலும் ஒரே எண் என்றால் நெசவு எங்கிருந்து தெரியும்?

காமிரா மெனுவில் மூன்று நிறத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் காட்டும் வசதி இருக்கும். அதைப் போட்டு வையுங்கள். சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டுவது அப்போதுதான் தெரியும். மண்டபத்தின் மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் இது இன்னும் மோசமாகும். அந்த வெளிச்சத்திலேயே சிவப்பு தூக்கல். எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் குறைத்து எடுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும், கூட்டினால் இரட்டிக்கும்). காமிராவில் ‘விவிட்’ போன்ற பளிச்சென்ற பாணியை வைத்திருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள். கணினியில் சரிசெய்வதானால், மொத்த வெளிச்சத்தைத் தொடாமல் சிவப்பின் அடர்த்தியைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக இருந்தால் நெசவு திரும்பி வர நல்ல வாய்ப்பு உண்டு.

சாமந்திக்கு இதே நோய் மறுபக்கமாக வரும். அங்கே நீல வாய்க்கால் இடது ஓரத்தில் 0-வில் போய் அடைத்துக்கொள்ளும். இதழ் இதழாக இருந்த மாலை மஞ்சள் கட்டியாகும்.

*

கேள்வி: ரா கோப்பில் எடுத்தால் ஹிஸ்டோகிராமைப் பார்க்கவே வேண்டியதில்லை என்கிறார்களே?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: பார்க்க வேண்டும், கொஞ்சம் சந்தேகத்தோடு. நீங்கள் ரா எடுத்தாலும் காமிராவின் திரை காட்டுவது, அந்தக் கோப்புக்குள் ஒட்டிவைத்திருக்கிற ஜேபெக் முன்னோட்டத்தின் ஹிஸ்டோகிராமை. அதனால் காமிராவில் கான்ட்ராஸ்ட்டை ஏற்றி வைத்திருந்தால், ராவில் ஒன்றும் கெடாதபோதே வரைபடம் வெளுத்துவிட்டதாகக் கூச்சல் போடும். கான்ட்ராஸ்ட் குறைந்த ‘நியூட்ரல்’ பாணியை வைத்தால் வரைபடம் உண்மைக்குச் சற்று நெருங்கி வரும்.

ஹிஸ்டோகிராமை வலப்பக்கம் தள்ளி எடுங்கள் என்ற அறிவுரையையும் கேட்டிருப்பீர்கள். ஃபோட்டோஷாப்பை எழுதியவர்களில் ஒருவரான தாமஸ் நோலுடன் பேசிய பிறகு ஒளிப்படக் கலைஞர் மைக்கேல் ரைக்மன் 2003-இல் எழுதிப் பரப்பிய வழி அது. அவர் சொன்ன காரணத்தை இன்றைய 14 பிட் ராவுக்குப் பொருத்திச் சொன்னால் இப்படி: மொத்தம் 16,384 வெளிச்சப் படிகள். சென்சார் ஒளியை நேர்விகிதத்தில் எண்ணுவதால், அதிக வெளிச்சமான முதல் ஸ்டாப்புக்கு மட்டும் அதில் பாதி, 8,192 படிகள் போய்விடும். அடுத்ததற்கு 4,096, அதற்கடுத்து 2,048. ஐந்தாவது ஸ்டாப்புக்கு மிஞ்சுவது 512. நிழலுக்குப் பங்கு குறைவு. இன்று பலர், படிகளின் எண்ணிக்கையைவிட, நிழலில் ஒளியே குறைவாக விழுவதால் வரும் புள்ளி இரைச்சல்தான் பெரிய காரணம் என்கிறார்கள். நானும் அவர்கள் பக்கம். காரணம் எதுவானாலும், வெளுக்காத அளவுக்கு ஒளியைக் கூட்டி எடுத்துப் பிறகு இறக்கினால் நிழல் சுத்தமாக இருக்கும்.

கல்லும் மரமும் எடுக்கும்போது செய்யுங்கள். தாலி கட்டும் நேரத்தில் வேண்டாம்.

*

கேள்வி: மணப்பெண் மாநிறம். ஆல்பம் பார்த்த வீட்டார், முகத்தை இன்னும் வெளிச்சமாக்கச் சொல்கிறார்கள். முகத்துக்கு ஹிஸ்டோகிராமில் சரியான இடம் என்று ஏதாவது எண் உண்டா? நடு ஸ்லைடரை இழுத்தால் படம் முழுவதும் வெளிறிவிடுகிறது.
– ஆல்பம் வடிவமைப்பாளர், ஈரோடு

பதில்: எண் உண்டு என்று சொல்லி உங்களை அனுப்பிவிடலாம். ஆனால் அந்த எண் யாருடைய முகத்துக்கு என்ற கேள்வி வந்துவிடும்.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த மண்டல முறையில், கருப்பு முதல் வெள்ளை வரை 0 முதல் 10 வரை எண்ணிட்ட மண்டலங்கள். 18 சதவீத ஒளியைத் திருப்பித்தரும் சாம்பல், நடுவில் ஐந்தாம் மண்டலம். அதில் வெள்ளைக்காரர் முகத்துக்கு ஆறாம் மண்டலம் என்பது வழக்கம். கருத்த தோலுக்கு ஐந்து. இன்றைய திரைகள் பின்பற்றும் எஸ்ஆர்ஜிபி என்ற 0–255 நிறக் கணக்கில் ஐந்தாம் மண்டலம் 118-ஐ ஒட்டி வரும். ஒரு ஸ்டாப் மேலே போனால் 162, ஒரு ஸ்டாப் கீழே 85. ஆங்கிலப் பாடங்களில் முகத்துக்கு இவ்வளவு என்று நீங்கள் படிக்கிற எண் பெரும்பாலும் அந்த ஆறாம் மண்டலத்து எண். அதை வாங்கி நம் வீட்டுப் பெண்ணின் முகத்தில் ஒட்டினால், ஒரு ஸ்டாப் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது.

இது பழைய கதை. கலர் பிரின்ட் போடும் லேப்களுக்கு கோடாக் அனுப்பிய ஒப்பீட்டு அட்டையில் பல ஆண்டுகள் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ‘ஷெர்லி அட்டை’ என்றே அதற்குப் பெயர். அந்த முகம் சரியாக வரும்படி மிஷினை வைத்தால் மற்றவர் முகம் எப்படி வந்தாலும் கேட்பார் இல்லை. பல நிறத்தவரையும் சேர்த்த அட்டைகள் வர 1990-கள் ஆனது.

ஆகவே என் வழி இது. முகத்தின் நிறத்தை ஏற்றாதீர்கள். முகத்தில் விழுந்த வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். வீட்டார் ‘வெளிச்சம் போதவில்லை’ என்று சொல்லும்போது பாதி நேரம் அவர்கள் உணர்வது நிறத்தைப் பற்றியது இல்லை. கண்குழியில் நிழல் விழுந்திருக்கும், நெற்றியிலும் கன்னத்திலும் மினுக்கம் இருக்காது. மாநிறத் தோலுக்கு உருவம் கொடுப்பதே அந்த மினுக்கம்தான். கன்னத்தின் மேட்டில் ஒளி ஏறி, தாடைக்கு வரும்போது இறங்கினால் முகம் உயிரோடு இருக்கும், நடுத்தோல் 118-இல் இருந்தாலும் 100-இல் இருந்தாலும்.

ஹிஸ்டோகிராமுக்கு அடியில் கருப்பு, நடு, வெள்ளை என்று மூன்று ஸ்லைடர்களோடு வரும் பெட்டிதான் லெவல்ஸ். அதன் நடு ஸ்லைடர் 1.00-இல் நிற்கிறது. அதை இடப்பக்கம் இழுத்து 1.30 ஆக்கினால், முகத்தோடு கூந்தலும் கரும்பச்சை பார்டரும் நிழலும் எல்லாமே மேலே வரும். கூந்தல் சாம்பலாவது அதனால்தான். வெளிச்சத்தை ஒரு கோட்டை வளைத்து மாற்றும் கர்வ்ஸுக்குப் போங்கள். ஃபோட்டோஷாப்பில் கர்வ்ஸ் பெட்டி திறந்திருக்கும்போது கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு படத்தில் கூந்தலைத் தொட்டால், கோட்டில் அந்த வெளிச்சத்துக்குரிய இடத்தில் ஒரு புள்ளி விழும். அது நங்கூரம், அசைக்க வேண்டாம். வேட்டி வெள்ளையில் இன்னொரு நங்கூரம். பிறகு கன்னத்தைத் தொட்டு விழுகிற மூன்றாவது புள்ளியை மட்டும் மெல்ல உயர்த்துங்கள். கூந்தல் கருப்பாக இருக்கும், ஜரிகை மின்னும், முகம் தெளியும். போதாவிட்டால், திருத்தம் முகத்தில் மட்டும் படும்படி மாஸ்க் போடுங்கள்.

அதற்கு மேலும் ‘வெள்ளையாக்கு’ என்று கேட்டால்? நான் என் மேசையில் வைத்திருந்த பதில்: “பெண்ணைக் கூட்டி வந்து படத்துக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள், ஒத்துப்போகாவிட்டால் மாற்றித் தருகிறேன்.” பெரும்பாலும் பெண்ணே வந்து என் பக்கம் பேசிவிட்டுப் போவாள்.

*

கேள்வி: லெவல்ஸ் செய்த பிறகு ஹிஸ்டோகிராம் இடைவெளி விட்டுக் கோடு கோடாக நிற்கிறது. படம் கெட்டுவிட்டதா?
– அரசுப் பள்ளி ஆசிரியர், தருமபுரி

பதில்: உங்கள் படம் 60-இல் தொடங்கி 200-இல் முடிந்திருந்தது என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பவை 141 படிகள். அவற்றை 0 முதல் 255 வரை நீட்டினால் 256 இடங்களில் 115 இடங்களுக்கு உட்கார ஆள் இல்லை. அந்தக் காலி இடங்கள்தான் இடைவெளி. 8 பிட் கோப்பில் இதைத் தவிர்க்க முடியாது. ஜேபெக் எப்போதும் 8 பிட்.

கெட்டதா என்பதை வரைபடம் சொல்லாது, படம் சொல்லும். கூட்டமும் மரங்களும் உள்ள படத்தில் எவருக்கும் ஒன்றும் தெரியாது. மேகமில்லாத மாலை வானத்திலும், ஸ்டுடியோவின் வழுவழு பின்திரையிலும்தான் பட்டை பட்டையாகப் பிரிந்து காட்டிக்கொடுக்கும். ராவிலிருந்து 16 பிட்டில் திறந்து, பெரிய இழுப்பெல்லாம் அங்கே முடித்து, கடைசியில் ஜேபெக் ஆக்குங்கள். ஒரே படத்தில் லெவல்ஸை மூன்று முறை செய்து மூன்று முறை சேமிக்காமல், படத்தைத் தொடாமல் அதன்மேல் தனி அடுக்காக நிற்கும் அட்ஜஸ்ட்மென்ட் லேயராகப் போட்டு அதையே திரும்பத் திரும்பத் திருத்துங்கள். 8 பிட் படத்தை 16 ஆக மாற்றினால் இல்லாத படிகள் பிறந்துவிடாது. ஆனால் அதற்குப் பிறகு செய்யும் வேலைகளில் புதிய சேதம் குறையும்.

ஃபோட்டோஷாப்பின் ஹிஸ்டோகிராம் பெட்டி மூலையில் சின்ன எச்சரிக்கை முக்கோணம் தெரிந்தால், அது அவசரத்துக்குக் காட்டும் தோராய வரைபடம். முக்கோணத்தை ஒரு முறை சொடுக்கினால் முழுப் படத்தையும் எண்ணிக் காட்டும்.

*

கேள்வி: கொடைக்கானலில் மூடுபனியில் எடுத்த பைன் மரங்கள். ‘ஆட்டோ’ கொடுத்ததும் பனி காணாமல் போய்விட்டது!
– வங்கி ஊழியர், மதுரை

பதில்: அது கேட்டதைச் செய்தது. பனிப் படத்தின் ஹிஸ்டோகிராம் 110-க்கும் 210-க்கும் நடுவே ஒடுங்கி நிற்கும்; உண்மையான கருப்பும் இல்லை, உண்மையான வெள்ளையும் இல்லை. ஆட்டோ லெவல்ஸுக்குத் தெரிந்த ஒரே வேலை இரண்டு ஓரத்தையும் இழுத்துச் சுவரில் ஆணி அடிப்பது. இரண்டு பக்கமும் காலியாக இருப்பது பனியின் இயல்பு. மிக அருகில் நிற்கும் மரத்தின் அடியை மட்டும் கொஞ்சம் கருமையாக்கி, அதாவது கருப்பு ஸ்லைடரை வரைபடம் தொடங்கும் இடத்துக்கு வெகு முன்பே நிறுத்தி, மற்றதை விட்டுவிடுங்கள்.

*

கேள்வி: தாராசுரத்தில் ராஜகம்பீரன் மண்டபத்தை எடுத்தேன். தூண்கள் தெரிந்தால் வெளியே வானம் வெள்ளை. வானம் நீலமாக வந்தால் தூண்கள் கருப்பு. பல எக்ஸ்போஷர்களை இணைக்கும் எச்டிஆர் செய்தால் சினிமா செட் போல ஆகிவிடுகிறது.
– ஓய்வுபெற்ற பொறியாளர், கும்பகோணம்

பதில்: உங்கள் ஹிஸ்டோகிராம் இரண்டு ஓரத்திலும் மேடாகி நடுவில் பள்ளமாக இருந்திருக்கும். காட்சியில் இருக்கும் வெளிச்ச வேறுபாடு, கோப்பில் அடங்கும் அளவைவிடப் பெரிது என்பதன் அடையாளம் அது. இன்றைய நல்ல முழுஅளவு சென்சார்கள் குறைந்த ஐஎஸ்ஓவில் 14 ஸ்டாப்பை நெருங்கி வாங்கிக்கொள்கின்றன. ஆனால் அச்சடிக்கும் தாளால் அதில் பாதியைத்தான் காட்ட முடியும். ஆகவே எதையாவது ஒடுக்கியே தீர வேண்டும்.

எச்டிஆர் செட் போல ஆவதற்குக் காரணம், நடுப் பள்ளத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்று நிழலை அளவுக்கு மீறித் தூக்குவது. மண்டபத்துக்குள் நின்றால் நம் கண்ணுக்கும் அது இருட்டாகத்தான் தெரிகிறது. இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று எக்ஸ்போஷர் எடுத்து இணையுங்கள், பிறகு நிழல் ஸ்லைடரைப் பாதி வழியில் நிறுத்துங்கள். தேர்ச் சக்கரத்தின் ஆரங்களுக்குப் பின்னால் இருட்டு இருக்கட்டும். அந்த இருட்டுதான் சக்கரத்தைக் கல்லிலிருந்து வெளியே தள்ளிக் காட்டுகிறது. கும்பகோணத்துக்காரருக்கு இன்னொரு வசதி இருக்கிறது. நான்கு கிலோமீட்டர்தானே, வெயில் சாய்ந்த நேரமாகப் பார்த்து இன்னொரு நாள் போகலாம்.

*

கேள்வி: திரையில் பளிச்சென்று இருக்கும் படம், லேப்பிலிருந்து பிரின்ட்டாக வரும்போது இருண்டு வருகிறது. லேப்காரர் என் படத்தைக் குறை சொல்கிறார், நான் அவர் மிஷினைக் குறை சொல்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

பதில்: இரண்டு பேரும் உங்கள் மானிட்டரை விட்டுவிட்டீர்கள். கடையிலிருந்து வந்தபடியே இருக்கும் மானிட்டர் பெரும்பாலும் 250, 300 கேண்டெலா வெளிச்சத்தில் எரிகிறது. பிரின்ட்டுக்கு வேலை செய்ய 80 முதல் 120 போதும். அந்தக் கண்கூசும் வெளிச்சத்தில் இருட்டான படமும் தெளிவாகத் தெரியும். நீங்களும் போதும் என்று நிறுத்திவிடுவீர்கள்.

இந்த இடத்தில்தான் ஹிஸ்டோகிராமின் அருமை. மானிட்டரை எவ்வளவு ஏற்றினாலும் இறக்கினாலும் அதில் ஒரு கோடும் நகராது. இருண்டு வந்த பிரின்ட்டின் கோப்பைத் திறந்து பாருங்கள். பகல் வெளிச்சத்தில் எடுத்த சாதாரணக் குடும்பப் படம் 150-க்கு மேல் ஒன்றும் இல்லாமல் நின்றால் லேப்காரர் சொன்னது சரி. வலது ஓரம் வரை சரியாகப் பரவியிருந்தும் இருண்டு வந்தால் அவரிடம் சண்டைக்குப் போகலாம்.

செய்தித்தாளுக்குப் படம் அனுப்புகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தத் தாள் மையை உறிஞ்சி அச்சுப்புள்ளியைப் பெருக்கிவிடும். 50 சதவீதப் புள்ளி, தாளில் 75-ஐ ஒட்டி வந்து நிற்கும். அதற்கு அனுப்பும் படத்தில் நடுத்தொனி திரையில் சற்று அதிகம் என்று தோன்றும் அளவுக்கு வெளிச்சமாகவே இருக்க வேண்டும்.

*

கேள்வி: அப்பா அம்மாவின் 1970-களின் கல்யாணக் கலர் படம் முழுவதும் செம்மண் நிறமாகிவிட்டது. மீட்க முடியுமா?
– இல்லத்தரசி, புதுச்சேரி

பதில்: பெருமளவு முடியும். இந்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தக் காலக் கலர் தாளில் மஞ்சள், மெஜந்தா, சயான் என்று மூன்று சாய அடுக்குகள். அலமாரி இருட்டில் ஆல்பத்துக்குள் இருந்தாலும் சயான் சாயம்தான் முதலில் மங்கும். சயானின் வேலை சிவப்பு ஒளியை விழுங்குவது. விழுங்க ஆள் குறைந்ததும் கூந்தலிலிருந்துகூடச் சிவப்பு திரும்பி வருகிறது, படம் செம்மண்ணாகிறது. வெயில் படும்படி சுவரில் மாட்டிய படங்கள் வேறு மாதிரி மங்கும், அந்தக் கதை வேறு.

முதலில் ஸ்கேன். ஸ்கேனர் மென்பொருளில் தானாகத் திருத்தும் எல்லா வசதியையும் அணைத்துவிட்டு, 48 பிட் கலரில், 600 டிபிஐயில், டிஃப் கோப்பாக எடுங்கள். அந்நாளில் ‘சில்க்’ என்று சொரசொரப்பான தாள் பிரபலம். அதன் புடைப்புகள் ஸ்கேனில் வெள்ளை வெள்ளையாக மின்னும். படத்தைப் பாதிச் சுற்றுத் திருப்பி வைத்து இன்னொரு முறையும் ஸ்கேன் செய்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்தால் மின்னல் அடங்கும்.

பிறகு லெவல்ஸ். மொத்தமாக இல்லை, மேலே உள்ள பட்டியலில் சிவப்பைத் தனியாகத் தேர்ந்தெடுங்கள். சிவப்பின் ஹிஸ்டோகிராம் இடது ஓரத்தில் வெறுமையாகி, 70 அல்லது 80-இல்தான் தொடங்கும். மங்கிப்போன சயான் அந்த வெறுமையில்தான் தெரிகிறது. கருப்பு ஸ்லைடரை மேடு தொடங்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே நகர்த்தினால், எந்த இடம் அடைக்கத் தொடங்குகிறது என்று திரையே காட்டும். பச்சையிலும் நீலத்திலும் இடைவெளி குறைவாக இருக்கும், அங்கும் இதேதான். நீலத்தில் வலது ஓரமும் வெறுமையாக இருந்தால் அது தாள் மஞ்சளித்ததன் அடையாளம்; வெள்ளை ஸ்லைடரை உள்ளே கொண்டுவாருங்கள், ஆனால் முழுவதும் வேண்டாம். கொஞ்சம் பழுப்பு இருந்தால்தான் அது அந்தக் காலப் படம்.

ஓரங்கள் சரியான பிறகும் நடுவில் சாயம் மிஞ்சும். அப்பாவின் வேட்டி மடிப்பின் நிழலைப் பாருங்கள். அது சாம்பலாக வரும்வரை சிவப்பின் நடு ஸ்லைடரைச் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். வேட்டி சரியானால் முகம் தன்னால் சரியாகும். புடவையின் நிறம் என்ன என்பதை மட்டும் ஊகிக்காதீர்கள். அம்மாவைக் கேளுங்கள்.

இதே வேலையை ஜிம்ப் போன்ற இலவச மென்பொருளிலும் செய்யலாம். 2018-இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து அதுவும் 16 பிட்டைக் கையாளுகிறது. கருப்பு வெள்ளைப் படங்களானால் ஒரே வாய்க்கால், வேலை சுலபம். நான் இருட்டறையில் ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் ‘இந்து’ தாளில் பிரின்ட் போட்ட நாட்களில், நெகட்டிவ் சப்பையாக இருந்தால் கான்ட்ராஸ்ட் கூட்டித் தரும் கிரேடு உயர்ந்த தாளை எடுப்போம், முரடாக இருந்தால் கிரேடு குறைந்ததை. லெவல்ஸின் இரண்டு ஓர ஸ்லைடர்களையும் உள்ளே இழுப்பது அந்தக் கிரேடு உயர்ந்த தாளுக்கு மாறுவதுதான். தாள் வீணாவதில்லை என்பதே வித்தியாசம்.

*

கேள்வி: கார்த்திகை தீபத்தன்று அகல் விளக்கு வரிசை. ஹிஸ்டோகிராம் முழுவதும் இடது ஓரத்தில். சுடர் மட்டும் வலது ஓரத்தில் முட்டுகிறது.
– பள்ளி மாணவர், திருவண்ணாமலை

பதில்: இரவு அப்படித்தான் இருக்கும். தானியங்கி மீட்டர் இரவையும் சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை ஒன்றரை, இரண்டு ஸ்டாப் குறைத்து வை. சுடரில் முதலில் சிவப்பு முட்டும், பிறகு பச்சை, கடைசியில் நீலம். அதனால்தான் ஒளி கூடக் கூடச் சுடர் ஆரஞ்சிலிருந்து மஞ்சளாகி வெள்ளையாகிறது. நடு வெள்ளையாகட்டும், விளிம்பில் ஆரஞ்சு இருக்கிறதா என்று பார். இருந்தால் எக்ஸ்போஷர் சரி.

*

கேள்வி: கைபேசியில் எடுப்பவர்களுக்கு இதெல்லாம் தேவையா?
– பலர்

பதில்: கைபேசி பல எக்ஸ்போஷர்களை எடுத்து இணைத்து, நிழலைத் தூக்கி வானத்தை இறக்கி, பந்தி பரிமாறிய பிறகுதான் உங்களிடம் கொடுக்கிறது. அந்த ஹிஸ்டோகிராம் பெரும்பாலும் ஓரங்களில் முட்டாமல் நல்ல பிள்ளையாக இருக்கும், படம் சப்பையாக இருந்தாலும். அங்கே ஷேடோஸை இன்னும் தூக்காதீர்கள், ஏற்கெனவே தூக்கியாயிற்று. மாறாக ‘பிளாக்ஸ்’ ஸ்லைடரைச் சற்று இறக்கிப் பாருங்கள். புரோ பயன்முறையில் நேரடி ஹிஸ்டோகிராம் காட்டும் வசதி உங்கள் கைபேசியில் இருந்தால், திரையின் வெளிச்சம் நம்பமுடியாத நண்பகல் வெயிலில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.